பச்சைப் புள்ளி

தம்பி காய்ச்சலோடு வீட்டைவிட்டு இறங்கிய காலையில் கம்பியூட்டரை அணைக்கவில்லை. "ஊசி ஒன்னு போட்டுட்டு வந்துர்றேன் அக்கா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றான். டெங்கு என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவனை வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினோம். வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். மேல் அறையில் அந்தப் பெட்டி மட்டும் யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று உறுமிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. கட்டுகஸ்தோட்டையில், மெயின் ரோட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறவேண்டிய ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. கீழே அம்மாவும் நானும், மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவன். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அவனுக்கு அவசரம் இல்லை. நான் கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அவனுக்கு வேலை வீட்டிலேயே, அதுவும் ராவில். வெளிநாட்டில் சாமான் வாங்குகிறவர்கள் 'என் பார்சல் எங்கே' என்று எழுதிக் கேட்பார்கள். இவன் இங்கிருந்து பதில் எழுதவேண்டும். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. நான் குளித்து, சேலை கட்டி, பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் அவன் கண் சிவந்து படுக்கப் போவான். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு பொழுதில் வாழ்ந்தோம்.

அந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. எல்லோரும் பேசிக்கொள்கிற ஓர் ஆப்பில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்க வேண்டும். எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் மவுஸை அசைக்காவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேலதிகாரி கேள்வி கேட்பான். சாப்பிட இறங்கினாலும் மஞ்சள், ஒன்றுக்குப் போனாலும் மஞ்சள். என் தம்பி லேசுப்பட்டவனா? எங்கிருந்தோ ஒரு குட்டிப் புரோகிராமைத் தேடிப் பிடித்துப் போட்டான். யாரும் தொடாமலே மவுஸ் அசைகிற மாதிரி அது காட்டிக்கொண்டிருக்கும். "எனக்குப் பதிலா இவன் முழிச்சிருப்பான்" என்று சிரித்தான். கரண்ட் பில்லுக்கும் இவனே பதில் சொல்வானா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான்.

அம்மாவின் போனிலும் அதே ஆப்பைத் தமிழில் மாற்றிப் போட்டுக்கொடுத்தது அவன்தான். பாசத்தில் என்று நினைத்துவிட வேண்டாம், சோம்பலில். மேலிருந்து இறங்காமலே அம்மாவைக் கூப்பிட்டு "அம்மா, ஒரு பிளேன்டீ" என்பதற்கு அது வசதி. அம்மாவுக்கு முழங்காலில் வலி, படி ஏற மாட்டாள். ஆக அவன் கேட்பதும் அம்மா ஊற்றுவதும் போனில் முடிந்துவிடும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவள் நான்தான். ஏறும்போது ஒரு வசைப்பாட்டு பாடிக்கொண்டே ஏறுவேன், அவன் கேட்காத மாதிரி இருப்பான்.

அவனை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில் அம்மா தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள்.

"புள்ள, தம்பி பேருக்குப் பக்கத்துல பச்சையா இருக்கு."

அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவளே அவன் வாயில் அரிசி போட்டவள். நான் விளக்கம் சொன்னேன்: மேலே பெட்டி ஓடுகிறது, அந்தக் குட்டிப் புரோகிராம் அவன் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அம்மா தலையாட்டினாள். பிறகு சார்ஜர் வயரோடு போனைக் கொண்டுபோய், அவன் படத்தின்மேல் சாய்த்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த விளக்கைக் கருமாதி முடியும்வரை அணையவிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எண்ணெய் குறைந்தால் ஊற்ற, திரி கருகினால் தூண்டிவிட, யாராவது ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த விதி படியேறி மேல் அறைக்கும் போய்விட்டது. விளக்கு அம்மாவின் பொறுப்பு, கம்பியூட்டர் என் பொறுப்பு. இப்போது யோசித்தால் எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அது கடமையாகத்தான் தெரிந்தது.

ஆனால் விளக்கைப் போல அது லேசான காரியமாக இல்லை. சாயங்காலம் பார்த்தால் நன்றாக ஓடும் பெட்டி, விடிந்து பார்த்தால் திணறும். மவுஸை இங்கே இழுத்தால் அம்பு யோசித்து யோசித்து அங்கே போகும். ஒன்றை அழுத்தினால் நான் பல் விளக்கி வந்த பிறகு திறக்கும். சில காலைகளில் திரை அப்படியே வெளுத்து நின்றுவிடும். அந்த நேரத்தில் கீழே அம்மாவின் போனில் புள்ளி காணாமல் போகும். கொஞ்சம் கழித்துத் திரும்ப வரும். வந்ததும் அம்மா கீழேயிருந்து குரல் கொடுப்பாள்: "பச்சையாயிருச்சி புள்ள, கீழ வா. வந்து சாப்பிடு."

ராவெல்லாம் ஓடினால் அது அப்படித்தான் என்று அவன் இருந்த காலத்திலேயே எனக்குத் தெரியும். விடிகாலையில் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். "இதுக்கும் தூக்கம் வருது" என்பான். ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான், அன்றைக்குச் சாயங்காலம் பெட்டி புதுசாக எழுந்துவிடும். மருந்து அவ்வளவுதான். அந்த மருந்தைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. அணைத்துப் போட்டால் பாஸ்வேர்ட் கேட்கும். அவன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. அவனுடைய பிறந்த நாள், அம்மாவின் பெயர், பிடித்த கிரிக்கெட்காரன் என்று ஊகித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. தப்பாக ஊகித்து வெளியே நின்றுவிட்டால் புள்ளி போனது போனதுதான்.

அதனால் அணைக்காமல் வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். முதலில் அவன் திறந்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினேன். ஒரு பழைய பைக்கின் விலை. முடிந்துபோன ஒரு கிரிக்கெட் மெட்சின் ஸ்கோர். எலும்புக் குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு வீடியோ, பாதியில் நின்றபடி. எலும்புக் குழம்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். ஆட்டெலும்பு வாங்க நான் மார்க்கெட்டுக்குப் போகிறவள்தானே. அந்த வீடியோவை மூட எனக்கு மனமே வரவில்லை. இரண்டு நாள் அதை விட்டுவைத்தேன். பெட்டி அதற்குமேல் விடவில்லை, மூடினேன். மூடிய ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மூச்சு திரும்பி வந்தது, அடுத்த காலையில் அதுவும் போய்விட்டது.

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். அம்மா விளக்கை மலையேற்றி, விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு நான் கேட்டேன்.

"அம்மா, மேல அதையும் நிப்பாட்டிறவா? இல்ல, இருக்கட்டுமா?"

அம்மா எதுவும் சொல்லவில்லை. துலக்கிய விளக்கை மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மௌனம் என்றால் மறுப்பு. அப்பாவிடம் எந்தக் காரியத்துக்குக் காசு கேட்டாலும் அவர் பேசாமல் பேப்பரைப் புரட்டுவார், அதோடு முடிந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மாவுக்கு அந்தப் புள்ளி வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். பெற்ற வயிறு, அதற்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு புள்ளி, அதையும் நான் எடுப்பேனா? எப்பாடு பட்டாவது அந்தப் பெட்டியை ஓடவைப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

ஒருநாள் மதியத்துக்குமேல் இடி இடித்துக் கண்டி முழுக்கக் கரண்ட் போனது. அலுவலகத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டு கதை பேசத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பெட்டி நினைவுதான். மேல் அறையில் பெட்டிக்குக் கீழே ஒரு பேட்டரி உண்டு, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவனுக்குத்தான் தெரியும். மேலதிகாரியிடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் அசையவில்லை. ஆட்டோக்காரரோடு சண்டை பிடித்தேன். பாவம், பாலத்தைக் கட்டியவர் அவரா? நனைந்த கோழியாக நான் வீட்டுக்குள் நுழைந்தபோது லைட் எரிந்தது. அம்மா கதிரையில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

"பச்சையாத்தான் இருக்கு. கரண்டு அப்பவே வந்துருச்சி. நீ ஏன் புள்ள இப்பிடி ஓடியாந்த?"

வேறு எதற்கு, உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அம்மா எழுந்து தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். புள்ளி போயிருந்தால் இந்த மனுசி என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. அவள் பார்க்கக் கூடாது என்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் கம்பியூட்டர் கடை நானாவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். திகன ஊர்க்காரர், டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை வைத்திருக்கிறார். பெட்டியைத் தம்பிக்குச் சேர்த்துக்கொடுத்தவரே அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"தம்பி மவுத்தாகின விஷயம் கேள்விப்பட்டேன் மிஸ். மனசுக்கு மிச்சம் கஷ்டமா ஈந்திச்சி." கொஞ்சம் பொறுத்து, "ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டா சரியாகுமே. அது ஏலாதா?" என்றார்.

ஏலாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். ஓடுகிற நிலையிலேயே பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, சின்னப் பிரஷ் ஒன்றால் தூசியைத் தட்டினார். படங்கள், பைல்கள் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றித் தந்தார். "இனி இதுக்கு என்ன வந்தாலும் தம்பிட போட்டோ எல்லாம் பத்திரம்" என்றார். அந்தக் கவலை அன்றோடு விட்டது. பிறகு திரையில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அதில் தெரியும்.

"இப்ப பாத்தா வெளங்காது மிஸ். மஃரிபுக்கு ஒருக்கா பாருங்க, சுபஹுக்கு ஒருக்கா பாருங்க. ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. ராவைக்கு எது பெருக்குதோ அதுதான் கள்ளன்."

அவர் தொழுகையைச் சொன்னார், நான் என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் வந்து குளிக்கும் முன் ஒரு படம், காலையில் எழுந்ததும் ஒரு படம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் நான் ஏதோ காதல் விவகாரத்தில் இருப்பதாக நினைத்திருப்பார்கள். முதல் நாள் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த காலை, வத்தேகமை பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நிற்கையில், கண்டுபிடித்தேன். மற்ற எல்லா வரிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் ஒவ்வொரு ராவும் ஊதிக்கொண்டே வந்திருந்தது. அது அந்தக் குட்டிப் புரோகிராம். தம்பிக்குப் பதிலாக முழித்திருந்தவன்.

அவன் இருக்கிறான் என்று காட்டிக்கொண்டிருந்ததுதான் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றவர் காலை எடுத்துவிட்டார், எனக்கு வலி போகவில்லை. டவுனில் இறங்கி அலுவலகம் வரைக்கும் அதையே நினைத்து நடந்தேன்.

அதே வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. தம்பியோடு வேலை செய்த வவுனியாப் பையன், முப்பது வயது இருக்கும், செத்த வீட்டுக்கு அவ்வளவு தூரம் வந்து கேட்டடியில் நின்று அழுதுவிட்டுப் போனவன். காலையில் நான் திரையைப் பார்க்கும்போது தம்பியின் ஆப்பில் அவன் எழுதியிருந்தான், எனக்கு.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அவன்ர பேர் இன்னும் பச்சையா நிக்குது. வேலைக்கு வந்து இருந்தா முதல் அதுதான் கண்ணில படுது. என்னால ஏலாமக் கிடக்கு. ஒருக்கா நிப்பாட்டி விடுவீங்களோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் அம்மாவின் உயிர் அதில் தொங்குகிறது, இவனுக்குக் கண் கூசுகிறதாம். 'பார்க்க முடியாட்டிப் பார்க்க வேணாம்' என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அந்தப் பதில் தம்பியின் பெயரில், தம்பியின் முகத்தோடு அவனுக்குப் போயிருக்கும். அவன் பிறகு எதுவும் எழுதவில்லை. அன்று முழுக்க நான் அலுவலகத்தில் யாருக்கும் நல்ல முகம் காட்டவில்லை.

சாயங்காலம் நானாவின் கடைக்குப் போய் இரண்டு படங்களையும் காட்டினேன். உடனே பிடித்துவிட்டார்.

"இதான். இத மூடினா பெட்டி அந்த நிமிஷமே சரியாகிரும். ஓஃப் பண்ணவும் தேவல்ல."

"மூடினா புள்ளி போயிருமே நானா."

"அதுக்கென்ன மிஸ், இது மோசமா செஞ்ச ஒன்னு. இதே வேலய செய்ற நல்லது எத்தினயோ ஈக்கி. நான் வந்து ஒன்னு போட்டுத் தாரேன். மெமரி தின்னாது. பெரிய பேட்டரி ஒன்னும் வெச்சிட்டா, வருஷக்கணக்கா ஓடும்."

எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு. பாண் ஒன்றும் அம்மாவுக்குப் பிடித்த, மீன் வைத்துச் சுட்ட மாலு பாணும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறினேன். செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன்.

"அம்மா, இனி பயம் இல்ல. எதுனாலன்னு கண்டுபிடிச்சாச்சி. நானா புதுசா ஒன்னு போட்டுத் தாறாராம். அதுக்குப் பொறகு வருசக்கணக்கா ஓடுமாம்."

அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படியே கோணிக்கொண்டு போனது.

"வருசக்கணக்காவா?" என்றாள்.

"ஏன், நல்லதுதானம்மா?"

"எனக்கு ஏலாது புள்ள." தேங்காய்ப் பூ ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள். "காலையில எந்திரிச்சா அது பச்சையா நிக்கிது. ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு பத்தி எரியிது. புள்ளய எரிச்சிட்டு வந்தாச்சி, இங்க இருக்கான் இருக்கான்னு காட்டுனா நான் எந்தப் பக்கம் பார்க்கிறது?"

"அப்ப ஏன் சொல்லல? நான் கேட்டேனே. விளக்கு துலக்கின அன்னைக்கு நான் கேட்டேனே."

"நீ கேட்ட மாதிரி அப்பிடி இருந்துச்சி. மூஞ்சியப் பார்த்தா வேணாம்னு சொல்லிறாதீங்கன்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சி. காலையில கண்ணு முழிச்சதும் மேல ஓடுற. நோயாளிக்குப் பார்க்கிற மாதிரி அதுக்குப் பார்க்கிற. மழையில ஆட்டோ புடிச்சி ஓடியாற. தம்பிய நெனச்சி நீ ஒரு நாளும் என் முன்னால அழல. இதையும் நிப்பாட்டிட்டா இவ என்னாவாளோன்னு பயந்துகிட்டுத்தான் பேசாம இருந்தேன்."

காலையில் அவள் கீழேயிருந்து 'பச்சையாயிருச்சி' என்று கூப்பிட்டதெல்லாம் அவளுடைய ஆறுதலுக்கு அல்ல. நான் இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்பதற்கு. அம்மாவுக்காக என்று நான் தூக்கிச் சுமந்தேன், எனக்காக என்று அம்மா சுமந்தாள். உண்மையில் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வவுனியாப் பையன் ஒருவன்தான் வாய் திறந்து சொன்னான், அவனையும் நான் கடித்துத் துப்பியிருந்தேன்.

அம்மா படியேறினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, அவன் போன பிறகு முதல்முறையாக. அவன் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அறை முழுக்கப் பார்த்தாள். கட்டிலில் மடிக்காமல் கிடந்த அவன் போர்வையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எது?" என்றாள்.

பட்டியலில் அந்த வரியைக் காட்டினேன்.

"இத்துனூண்டா?" என்றாள். "சரி, நீயே செய்யி. எனக்குக் கை வராது."

மவுஸைப் பிடித்து அதை மூடினேன். நானா சொன்னது சரிதான், அந்த நிமிடமே பெட்டி சரியாகிவிட்டது. அம்பு நான் இழுத்த பக்கமெல்லாம் ஓடியது. திறந்தது திறந்தது, மூடியது மூடியது. இத்தனை வேகமாக ஓடும் பெட்டியா இது என்று இருந்தது. அம்மா திரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள். புள்ளி கொஞ்ச நேரம் பச்சையாகவே நின்றது, பிறகு மஞ்சளானது. மஞ்சளைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் நான் பெட்டியையும் அணைத்தேன்.

உறுமல் நின்றதும் அறை பெரிதாகிவிட்டது. கீழே ரோட்டில் பஸ் ஏறுகிற சத்தம், எங்கோ குக்கர் விசில், எல்லாம் உள்ளே வந்தன. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அஞ்சு நிமிசத்துக்கு முன்ன இருந்தாருன்னு போட்டிருக்கு."

மாலு பாணைத் தட்டில் வைத்து இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டுப் படுத்தோம். வவுனியாப் பையனுக்கு என் போனிலிருந்து, என் பெயரில், நிறுத்தியாயிற்று தம்பி, மன்னித்துக்கொள் என்று எழுதினேன். அவன் நன்றி அக்கா என்று மட்டும் எழுதினான்.

காலையில் நான் மேலே ஓடவில்லை. எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு பிளேன்டீயோடு வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போன் அவள் கையில் இருந்தது.

"நேத்து இருந்தாருன்னு காட்டுது புள்ள."

"ஆமாம்மா."

"நாளைக்கு என்னா காட்டும்?"

"ரெண்டு நாளைக்கு முன்னன்னு காட்டும்."

"அதுக்குப் பொறகு?"

"நாள் ஏறிக்கிட்டே போகும்மா. பொறகு ஒன்னும் காட்டாது."

அம்மா தலையாட்டினாள். டீயைக் கையில் எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் குளியலறைக்கு எழுந்து போகவில்லை. அவன் செத்து ஒன்றரை மாதம் கழித்து அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.